லேப் டைம் எங்கே போகிறது: பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினியர் ஆக விரும்பும் மாணவருக்கு

கோவையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். மாணவர்களே சிறிய ரேஸ் கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்கான கல்லூரி அணியில் சஸ்பென்ஷன் பிரிவில் இருக்கிறாராம். ரேஸ் அணியில் பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினியர் ஆக வேண்டும், முடிந்தால் ஃபார்முலா 1-இல். அதற்கு இங்கிலாந்தில் முதுகலை படித்தே ஆக வேண்டுமா, எந்த மென்பொருளைக் கற்பது, "இதை நம்பிப் பிழைக்க முடியுமா" என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, ரேஸ் ஓட்டிய பழக்கம் இல்லாதது குறையா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். ரேஸ் அணியில் ஒவ்வொரு காருக்கும் ஒரு ரேஸ் எஞ்சினியர் உண்டு. ஓட்டுநரோடு ரேடியோவில் பேசுபவர் அவர்தான், அன்றைய முடிவுகளுக்குப் பொறுப்பும் அவர்தான். அவருக்கு வலது கையாக இருப்பவர் பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினியர். கார் பிட்டுக்குள் வந்து நின்ற சில நிமிடங்களுக்குள் மூன்று விஷயங்களை அவர் எண்ணோடு சொல்லியாக வேண்டும். எந்த வளைவில் எவ்வளவு நேரம் போனது? அது காரால் போனதா, ஓட்டுநரால் போனதா, டயரால் போனதா? அடுத்த ஓட்டத்துக்கு எதை மாற்றினால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஃபார்முலா 1-இல் இதே வேலையைப் பலர் பிரித்துக்கொள்கிறார்கள்: டயருக்கு ஒருவர், கன்ட்ரோல்ஸுக்கு ஒருவர், தொழிற்சாலையில் திரைகளுக்கு முன்னால் ஓர் அறை நிறைய ஆட்கள். சின்ன அணியில் எல்லாம் ஒரே ஆள். சென்சார் அளவீடுகளைப் பதிந்துவைக்கும் லாகரிலிருந்து டேட்டாவை இறக்குவதும் அவர், டயர் பிரஷரைக் குறித்து வைப்பதும் அவர், பெட்ரோல் கணக்கும் அவரே. இந்தத் தொழிலைக் கற்கச் சின்ன அணிதான் நல்ல இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வேலையின் சுவை எங்கே இருக்கிறது என்று காட்ட, உங்களுக்குப் பழகிய ஸ்கிட்பேடையே, அதாவது வட்டப் பாதையில் காரைச் சுற்றவிட்டு நேரம் பார்க்கும் தேர்வையே, எடுத்துக்கொள்கிறேன். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். பாதையின் நடுவில் ஓடினால் ஆரம் 9.125 மீட்டர், ஒரு சுற்றின் நீளம் சுமார் 57.3 மீட்டர். அதை 5.2 வினாடியில் சுற்றினால் வேகம் வினாடிக்கு 11 மீட்டர், பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 1.36 ஜி. 5.1 வினாடியில் சுற்ற வேண்டுமானால் 1.41 ஜி வேண்டும். அதாவது பத்தில் ஒரு வினாடிக்காக டயர்களிடம் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் கேட்கிறீர்கள்.

இப்போது வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் ஆன்ட்டி-ரோல் பாரை மாற்றினீர்கள், நேரம் 5.20-இலிருந்து 5.14-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அணி முழுவதும் கைதட்டும். ஆனால் அதே பிடிப்போடு ஓட்டுநர் வெறும் 20 சென்டிமீட்டர் உட்பக்கமாகச் சுற்றியிருந்தாலே நேரம் 5.14 ஆகிவிடும். ஆரம் குறைந்தால் சுற்றும் நேரம் அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் குறையும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படியானால் அந்த 0.06 வினாடியைக் கொடுத்தது பாரா, ஓட்டுநரா? ஸ்டாப்வாட்ச் இதற்குப் பதில் சொல்லாது. கார் எவ்வளவு வேகமாகத் திசை திரும்புகிறது என்று அளக்கும் யா ரேட் சென்சார் சொல்லும். வேகத்தை யா ரேட்டால் வகுத்தால் கார் உண்மையில் சென்ற ஆரம் கிடைக்கும். ஆரம் மாறாமல் பக்கவாட்டு முடுக்கம் கூடியிருந்தால் வெற்றி பாருக்கு. ஆரம் குறைந்து முடுக்கம் அப்படியே இருந்தால் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு பாரைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுங்கள்.

ஸ்டியரிங் சென்சாரும் இருந்தால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். 1.55 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் 9.125 மீட்டர் ஆரத்தில் மெதுவாகச் சுற்ற முன்சக்கரங்கள் சுமார் 9.7 டிகிரி திரும்பினால் போதும். எல்லை வேகத்தில் அதே வட்டத்துக்கு 13 டிகிரி தேவைப்படுகிறது என்றால், முன் டயர்கள் பின் டயர்களைவிட 3 டிகிரிக்கு மேல் கூடுதலாக வழுக்கிக்கொண்டிருக்கின்றன. "கார் கொஞ்சம் தள்ளுகிறது" என்று ஓட்டுநர் சொன்ன அண்டர்ஸ்டியருக்கு, அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாத குணத்துக்கு, இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது. பின்பக்க ரோல் விறைப்பை (சாய்வை எதிர்க்கும் தன்மையை) கூட்டுவதா, முன் கேம்பரை (சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை) மாற்றுவதா, முன் டயர் பிரஷரைக் குறைப்பதா என்ற விவாதம் இனி அந்த எண்ணைச் சுற்றி நடக்கும். நான்கு சென்சாரும் ஒரு வட்டமும் இருந்தால் போதும், பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினியரிங் தொடங்கிவிட்டது.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். பழைய செட்டப்பில் ஓடுங்கள், ஒன்றே ஒன்றை மாற்றி ஓடுங்கள், மறுபடியும் பழைய செட்டப்புக்குத் திரும்பி ஓடுங்கள். கடைசியாக ஓடியது முதலில் ஓடியதோடு ஒத்துப்போகவில்லை என்றால், இடையில் தார் சூடேறியிருக்கிறது, அல்லது டயர் தேய்ந்திருக்கிறது, அல்லது ஓட்டுநர் பழகியிருக்கிறார். கோவையில் காலை எட்டு மணித் தாரும் பதினொரு மணித் தாரும் ஒன்றல்ல. மாற்றம் எதுவும் செய்யாமலே உங்கள் ஓட்டுநரின் நேரம் சுற்றுக்குச் சுற்று 0.08 வினாடி ஏறி இறங்குகிறது என்றால், 0.03 வினாடி ஆதாயத்தை ஓரிரு சுற்றுகளில் உங்களால் பார்க்கவே முடியாது. எத்தனை சுற்று ஓடினால் நம்பலாம் என்று தீர்மானிக்கப் புள்ளியியல் வேண்டும். கல்லூரியில் பலரும் தூங்கும் பாடம் அது. நீங்கள் தூங்க வேண்டாம்.

நம் கல்லூரி அணிகளிடம் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று இருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கடைசி வாரம் வரை வெல்டிங் செய்துகொண்டே வருகிற அணிகள் ஏராளம். ஃபிரேமில் 2 கிலோ குறைக்க மாதக்கணக்கில் அனாலிசிஸ் செய்வார்கள், கட்டி முடித்த காரைப் போட்டிக்கு முன் 50 கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டார்கள். போட்டியில் நீண்ட தூரம் ஓடும் என்டியூரன்ஸ் தேர்வு மட்டுமே சுமார் 22 கிலோமீட்டர். அதில் பாதியில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை பெரிய வடிவமைப்புத் தவறால் நிற்பதில்லை. ஒரு ஹோஸ் கிளாம்ப், ஒரு கனெக்டர், ஒரு வயர், இவ்வளவுதான். டிசைன் தேர்வில் நடுவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதும் "இதைச் சரிபார்த்தது எப்படி?" என்பதைத்தான். அனாலிசிஸ் படத்தைக் காட்டுபவருக்கும், அதன் பக்கத்தில் டிராக்கில் அளந்த கோட்டை வைத்துக் காட்டுபவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு வேறு.

ஆகவே, அணியில் டெஸ்டிங் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதற்குப் போட்டி இருக்காது. புதிய கார் வரும்வரை காத்திருக்க வேண்டாம். போன ஆண்டுக் கார் ஒர்க்‌ஷாப் மூலையில் தூசி படிந்து நிற்கும், அதைக் கிளப்புங்கள். ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், நான்கு டேம்பர்களின் (ஷாக் அப்சார்பர்களின்) நகர்வை அளக்கும் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், முன்னும் பின்னும் பிரேக் பிரஷர் சென்சார், முடுக்கத்தையும் திரும்பும் வேகத்தையும் அளக்கும் ஒரு ஐ.எம்.யூ., ஜி.பி.எஸ். இவற்றை வைத்துவிட்டால் அடுத்த ஓராண்டுக்குக் கற்க வேண்டிய அத்தனையும் அந்தப் பழைய காரிலேயே இருக்கிறது. லாகர் வாங்கப் பணம் இல்லையென்றால் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் மெமரி கார்டும் போதும். சென்சாரைக் கேலிபரேட் செய்யாமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஸ்டியரிங்கின் பூச்சியம் 2 டிகிரி விலகியிருந்தால் மேலே சொன்ன அண்டர்ஸ்டியர் கணக்கு முழுவதும் வீண்.

மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். மோட்டெக் நிறுவனத்தின் ஐ2 என்ற டேட்டா மென்பொருளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஃபார்முலா 1-இல் புழங்கும் அட்லஸ் வேறு மென்பொருள்தான், ஆனால் ஒன்றில் கண் பழகிவிட்டால் மற்றதற்கு ஒரு வாரம் போதும். கார் கையில் இல்லாதபோது, அசெட்டோ கோர்சா கோம்பெடிட்சியோனே என்ற கணினி விளையாட்டு தன் டேட்டாவை நேரடியாக மோட்டெக் வடிவத்திலேயே கொடுக்கிறது. நண்பரை ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் டேட்டாவைப் பாருங்கள். இரண்டு லேப்களைத் தூரத்தின் அடிப்படையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நேர வித்தியாசக் கோடு எங்கே ஏறத் தொடங்குகிறது என்று தேடுங்கள். இங்கே புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. நேரம் இழப்பது நேர்ப்பாதையில் தெரியும், அதற்கான காரணம் அதற்கு முந்தைய வளைவில் கிடக்கும். ஓட்டுநர் தாமதமாக பிரேக் பிடித்து உள்ளே நுழைந்திருப்பார், அங்கே கோடு அவருக்குச் சாதகமாகவே இருக்கும். ஆனால் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க 10 மீட்டர் தாமதமாகியிருக்கும். அந்தக் கடன் நேர்ப்பாதை முடியும்வரை வட்டியோடு போய்க்கொண்டே இருக்கும்.

அதோடு பைத்தான் அல்லது மேட்லேப், இரண்டில் ஒன்றையாவது சரளமாக எழுத வேண்டும். முதல் திட்டமாக ஒரு லேப் டைம் சிமுலேஷனைச் சொந்தமாக எழுதுங்கள். காரை ஒரே புள்ளியாகக் கருதினால் போதும். ஒவ்வொரு வளைவின் ஆரத்துக்கும் பிடிப்புக்கும் ஏற்ற உச்ச வேகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து முன்னோக்கி முடுக்கத்தையும் பின்னோக்கி பிரேக்கையும் போட்டு இரண்டையும் சேர்த்தால் ஒரு லேப் வந்துவிடும். சில நூறு வரி நிரல்தான். பிறகு எடையில் 5 கிலோவைக் குறைத்தால் எவ்வளவு, பிடிப்பில் 1 சதவீதம் கூடினால் எவ்வளவு, பவரில் 3 சதவீதம் கூடினால் எவ்வளவு என்று உங்கள் டிராக்குக்கே கேட்டுப் பார்க்கலாம். எங்கே உழைப்பதென்று அணியில் நடக்கும் சண்டைகளில் பாதி அன்றே தீர்ந்துவிடும். டயருக்கு வேண்டிய அளவீடுகள் ஃபார்முலா எஸ்.ஏ.ஈ. டயர் டெஸ்ட் கன்சார்டியத்தில் உறுப்பினராகச் சேரும் அணிகளுக்குக் கிடைக்கும். சோதனை பெல்ட்டில் எடுத்த அளவீடு அது, உங்கள் தார்ச் சாலையில் பிடிப்பு அவ்வளவு இருக்காது. எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதையும் ஸ்கிட்பேட்தான் சொல்லும்.

அடுத்தது, உண்மையான ரேஸ். நீங்கள் இருக்கும் ஊர் சாதாரண ஊர் அல்ல. கார் பந்தய வீரர் கரிவர்தனின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட டிராக் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நாராயண் கார்த்திகேயன் கோவைக்காரர். சென்னைக்கு வந்தால் இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990 முதல் இருக்கிறது. தேசிய சாம்பியன்ஷிப் சுற்றுகள் இந்த இரண்டு டிராக்குகளிலும்தான் பெருமளவு நடக்கின்றன. எல்.ஜி.பி. ஃபார்முலா 4, எம்.ஆர்.எஃப். கார்கள், 2023-இல் தொடங்கிய இந்திய எஃப்4 சாம்பியன்ஷிப் என்று ஏணியின் கீழ்ப்படிகள் எல்லாம் பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்தது. இந்த அணிகளில் ஆள் பலம் குறைவு. டயர் பிரஷர் எடுக்க, வெப்பநிலை குறிக்க, லேப் டைம் பதிய ஒருவர் நம்பகமாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். முதல் வார இறுதியில் டயர் உருட்டச் சொல்வார்கள், சந்தோஷமாக உருட்டுங்கள். மூன்றாவது முறை போகும்போது, முந்தைய ரேஸின் டயர் பிரஷரும் தார் வெப்பநிலையும் லேப் டைமும் சேர்ந்த ஒரு பக்கத் தாளை ரேஸ் எஞ்சினியர் கையில் கொடுத்தீர்களானால் அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

இனி இங்கிலாந்து. ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன: பிராக்லியில் மெர்சிடிஸ், மில்டன் கீன்ஸில் ரெட் புல், வோக்கிங்கில் மெக்லாரன், குரோவில் வில்லியம்ஸ், என்ஸ்டோனில் ஆல்பைன், சில்வர்ஸ்டோன் வாசலிலேயே ஆஸ்டன் மார்ட்டின். கிரான்ஃபீல்டிலும் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸிலும் மோட்டார்ஸ்போர்ட்டுக்கென்றே முதுகலைப் படிப்புகள் உண்டு, நல்ல படிப்புகள்தான். ஆனால் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்தால் 40 லட்சம் ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். படிப்பு முடித்தவர்கள் தங்கி வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா 2026 டிசம்பர் வரை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதன்பின் தேவைப்படும் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது. வேலைக்குப் புதியவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், சின்ன ரேஸ் அணிகள் பல விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிலையிலேயே இல்லை. அங்குள்ள மாணவர்கள் இளங்கலையின் நடுவிலேயே ஓராண்டு ஃபார்முலா 1 அணியில் பயிற்சி பெற்றுவிடுகிறார்கள், நம் மாணவர்களுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் கிடையாது. பட்டம் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர்களோடு போட்டியிடுவது கடினம். இதை யாராவது உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் யோசனை, பட்டம் வாங்கிய கையோடு கடன் வாங்காதீர்கள் என்பதே. இரண்டு ஆண்டு இங்கேயே வெஹிக்கிள் டைனமிக்ஸ் அல்லது டயர் அல்லது டெஸ்டிங் வேலையில் சேருங்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மஹிந்திரா ரிசர்ச் வேலி இருக்கிறது, ஒரகடத்தில் சோதனை டிராக்கோடு கூடிய ஜி.ஏ.ஆர்.சி. என்ற வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இருசக்கரம் பிடிக்குமென்றால் ஓசூரில் டி.வி.எஸ். இருக்கிறது. டி.வி.எஸ். ரேசிங் 1982 முதல் இயங்கும் தொழிற்சாலை அணி. டயர் கம்பெனிகள் தனி. காரில் சென்சார் மாட்டி, ஓட்டி, அளந்து, அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிற வேலைகள் இவை. வார இறுதியில் ரேஸ், வார நாளில் இது. இரண்டு ஆண்டு இப்படி இருந்துவிட்டு முதுகலைக்குப் போனால் நீங்கள் வேறு ஆள். அப்பாவுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. ரேஸ் அணியில் இடம் கிடைக்காமலே போனாலும், கற்றுக்கொண்ட கைத்தொழில் அப்படியே கார் கம்பெனியில் விலைபோகும். அந்தக் கம்பெனிகளை ஒரு பட்டியலாக எழுதி அவரிடம் கொடுங்கள், நம்புவார்.

வெளிநாடு என்றால் இங்கிலாந்து மட்டும் என்றும் இல்லை. இத்தாலியில் எமிலியா-ரொமாஞா பகுதிப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மியூனர் என்ற அமைப்பை நடத்துகின்றன. ஃபெராரி, டல்லாரா, லம்போர்கினி, டுகாட்டி எல்லாம் அதில் பங்காளிகள், ஆங்கிலத்திலேயே பாடம், கட்டணமும் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களும் வலுவான ஃபார்முலா ஸ்டூடண்ட் அணிகளும் உண்டு. ஃபார்முலா 1 என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஜி.டி.3 (ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம்), என்டியூரன்ஸ் (நீண்ட நேரப் பந்தயம்), ஃபார்முலா இ (மின்சாரக் கார் பந்தயம்) என்று வேலை பல இடங்களில் இருக்கிறது. நம் மஹிந்திராவே 2014-இல் ஃபார்முலா இ தொடங்கிய நாளிலிருந்து அதில் இருக்கிறது, அந்த அணியின் தளம் பேன்பரியில். ஃபார்முலா 1-இல் டிராக்குக்கு அழைத்துச் செல்லும் செயல்பாட்டு ஆட்களுக்கு அணிக்கு 58 என்று விதியே உண்டு. பெரிய அணியில் சேர்ந்தாலும் முதல் சில ஆண்டுகள் தொழிற்சாலைத் திரைக்கு முன்னால்தான் கழியும். ஜி.டி.3 அணியில் அதே வயதில் ஒரு காரின் டேட்டா முழுவதும் உங்கள் பொறுப்பில் இருக்கும்.

விண்ணப்பத்தில் "ஃபார்முலா 1 என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரே ஒரு பிரச்சினையை மூன்று பக்கத்தில் எழுதி இணையுங்கள்: என்ன கேட்டோம், எப்படி அளந்தோம், அளவீட்டில் எவ்வளவு பிழை, என்ன மாற்றினோம், என்ன கிடைத்தது. எதிர்பார்த்தது கிடைக்காத சோதனையாக இருந்தாலும் பரவாயில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று காரணம் காட்டியிருந்தால் படிப்பவர் உங்களைக் கூப்பிடுவார்.

கடைசிக் கேள்வி, ரேஸ் ஓட்டிய பழக்கம் இல்லாதது. அது குறையே இல்லை. மெக்லாரனில் ஆஸ்கர் பியாஸ்ட்ரியின் ரேஸ் எஞ்சினியர் டாம் ஸ்டாலார்ட், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காகப் படகு வலித்து வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். ஆனால் சில முறை கார்ட்டிங் போய் வாருங்கள். பின்சக்கரம் நழுவும்போது உடம்பு என்ன உணர்கிறது, இரண்டு நிமிடம் கழித்து அதைச் சொல்லச் சொன்னால் எவ்வளவு மறந்துபோகிறது என்பது அங்கே புரியும். அதன்பிறகு ஓட்டுநரிடம் கேட்கும் விதமே மாறிவிடும். "கார் எப்படி இருந்தது?" என்று கேட்காமல், "மூன்றாவது வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியே வரும்போதா?" என்று கேட்பீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை லேப்டாப்பை மூடியே வையுங்கள். டேட்டாவை முதலில் காட்டிவிட்டால், தான் உணர்ந்ததை விட்டுவிட்டுத் திரையில் தெரிவதையே அவர் சொல்லத் தொடங்கிவிடுவார்.